எழுந்து போங்கள், ஆள் தேவைப்படுகிறது

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இரண்டு கூட்டம் காத்திருக்கிறது. ஒன்று அறுபதைத் தாண்டிய கூட்டம். பிள்ளைகள் லண்டனில், ரொறன்ரோவில், மெல்பேர்னில். விடியக் கோயில், பத்து மணிக்குச் சந்தை, பின்னேரம் தொலைக்காட்சி, இரவில் வட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையின் முகம். மற்றது இருபதுகளில் இருக்கும் கூட்டம். விசா வரட்டும், சோதனை முடியட்டும், மாமா ஸ்பொன்சர் பண்ணட்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. வயதில் நாற்பது வருட இடைவெளி. உள்ளே கிடந்து அரிக்கிற கேள்வி ஒன்றுதான். நான் எதற்காக இருக்கிறேன்? என்னால் யாருக்கு என்ன பயன்?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கதிரையில் இருந்துகொண்டு கேட்டால் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். முதலில் வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடி, பிறகு அதற்கேற்ற வேலையில் இறங்கு என்று யாரோ நமக்குத் தலைகீழாகச் சொல்லித் தந்துவிட்டார்கள். நடப்பது வேறு. ஒருவன் ஒரு வேலையில் கை வைக்கிறான். மறுகிழமையும் போகிறான். அங்கே அவனை எதிர்பார்த்து ஓர் ஆள் நிற்கத் தொடங்குகிறது. அந்த ஆளின் முகத்தைப் பார்த்த பிறகு “நான் எதற்காக இருக்கிறேன்” என்ற கேள்வியைக் கேட்க அவனுக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. என் வாதம் முழுவதும் இதுதான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போயிருப்பீர்கள். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில், கருங்கல் தூண்களோடு, வெளியே எவ்வளவு வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ந்து கிடக்கும். 1857 இல் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயில் அது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த இருவரின் பெயரும் தெரியும். எனக்கு அந்த வீட்டின் இன்னொரு பிள்ளையைப் பற்றித்தான் பேச வேண்டும். இராமநாதனின் தம்பி, சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

1853 இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1875 இல், போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர். நீதவான், பதிவாளர் நாயகம், 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர். 1913 இல் ஓய்வு பெற்றார், சேர் பட்டமும் வந்தது. ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு மிச்சக் காலத்தைத் தேவாரத்தோடு கழித்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் என்ன செய்தார்? 1915 சனவரியில், 61 வயதில், இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடக்கினார். கொழும்பின் ஏழைகளுக்குப் படிப்பு, மருத்துவ உதவி, மனிதர் குடியிருக்கக்கூடிய வீடு என்று கிளம்பினார். 1919 இல் தோட்டத் தொழிலாளருக்காக ஒரு நலன்புரிச் சங்கம். அந்தக் காலத்தில் தோட்டங்களில் “துண்டு” என்று ஒரு கொடுமை இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய ஒரு கடதாசி. அந்தக் கடனைக் கட்ட யாராவது முன்வந்தால்தான் அவன் வேறு தோட்டத்துக்குப் போகலாம். கடதாசியோடு மனிதனும் கைமாறுவான். அதற்கும், வேலையை விட்டுப் போனவனைச் சிறையில் போடும் சட்டத்துக்கும் எதிராக அந்த முதியவர் ஓயாமல் எழுதினார், பேசினார். 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. இலங்கைக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் அவர் நடத்திய இயக்கத்தின் பயனாக அதே 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. 1924 சனவரியில், யாத்திரை போன இடத்தில், மதுரையில் உயிர் பிரிந்தது.

சமூக சேவைக்கென்று அவர் சங்கம் கண்ட நாளிலிருந்து கணக்கெடுத்தால் ஒன்பதே வருடம். அரசாங்கச் சம்பளத்தில் இருந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவர் பல பதவி பார்த்தார். சம்பளமில்லாத இந்த ஒன்பது வருடத்தில் அவர் தொட்டது லட்சக்கணக்கான மனிதரின் வாழ்க்கையை. ஓய்வூதியப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு “இனி எனக்கென்ன இருக்கிறது” என்று பெருமூச்சு விடுகிற ஐயாமாரே, அம்மாமாரே, உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அறுபத்தொன்றில்தான் இதில் இறங்கினார்!

“அவர் சேர். வசதியான வீட்டுப் பிள்ளை. எங்களிடம் என்ன இருக்கிறது?” என்பீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். இந்தச் சாட்டைத்தான் உடைக்க வேண்டும். வசதியில்லை என்ற இந்த ஒரு வார்த்தை கொழும்பில் எத்தனையோ நல்ல கைகளை மடியில் கட்டிப்போட்டிருக்கிறது.

ஹட்சன் சில்வா என்ற மருத்துவ மாணவரிடம் என்ன இருந்தது? 1958 இல் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். செத்த பிறகு மண்ணுக்குப் போகிற கண்ணை, பார்வையில்லாத ஒருவருக்குக் கொடுங்கள் என்று கேட்டார். 1960 இல் அவருடைய தாயார் காலமானார். ஊரைக் கேட்டவர் தன் வீட்டில் தயங்கவில்லை. தாயின் கண்ணை ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தச் செய்தார். 1961 இல் இலங்கைக் கண் தான சங்கம் பிறந்தது. அவரும் மனைவியாரும் கண்களை வைத்துப் பாதுகாத்தது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில். 1964 இல் முதல் தடவையாக விழிவெண்படலங்கள் சிங்கப்பூருக்குப் போயின, ஐஸ் போட்ட தேர்மோஸ் குடுவைக்குள், ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு! இன்று அந்தச் சங்கம் அனுப்பிய கண்களால் உலகத்தின் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் மனிதர்கள் தங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறார்கள். பெரிய நிதியோ வெளிநாட்டுத் திட்டமோ அதைத் தொடக்கி வைக்கவில்லை. ஒரு கட்டுரை, ஒரு தாயின் கண், சமையலறையில் ஒரு பெட்டி.

தெல்லிப்பழையில் துர்க்கை அம்மன் கோயிலை ஏற்று நடத்திய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி ஒரு பாடசாலை ஆசிரியை. 1925 இல் பிறந்து 2008 இல் மறைந்தவர். ஆசிரியப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கோயில் வருமானத்தைக் கோபுரத்தோடு நிறுத்தாமல், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லமாக்கினார். வெளியே யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அங்கே பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள், வளர்ந்து ஆளானார்கள். சொந்தப் பிள்ளை பெறாத அந்த அம்மையாரை எத்தனை பேர் “அம்மா” என்று கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, கோயிலும் இல்லை, மருத்துவப் படிப்பும் இல்லை. உடம்பில் இரத்தம் இருக்கிறதா? பதினெட்டு வயதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருக்கிறீர்களா? நிறை ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் இருக்கிறதா? அப்படியானால் உங்களிடம் ஒன்றுமில்லை என்று இனி ஒருபோதும் சொல்லாதீர்கள்.

நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்குள் ஒருதரம் போய்ப் பாருங்கள். ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வைத்தியர் கேள்வி கேட்பார். விரல் நுனியில் ஒரு குத்து, ஹீமோகுளோபின் பார்க்க. பிறகு கட்டில். கைமுட்டியை மூடித் திற என்பார்கள். பத்து நிமிடம்கூட ஆகாது, ஒரு பை நிறைந்துவிடும். எழுந்ததும் தேநீரும் பிஸ்கற்றும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் சிங்களவரா, முஸ்லிமா, எந்த ஊர் என்று ஒருவருக்கும் அக்கறை இல்லை. அந்தப் பை செங்குழியம், குருதிச் சிறுதட்டு, திரவவிழையம் என்று பிரிந்து மூன்று நோயாளிகளிடம்கூடப் போகலாம். அந்த மூவருக்கும் உங்கள் பெயர் தெரியாது.

இலங்கை 2014 இல் ஒரு சாதனையை எட்டியது. நாட்டுக்குத் தேவையான இரத்தம் முழுவதும், நூற்றுக்கு நூறு, காசு வாங்காத தொண்டர்களிடமிருந்து வந்தது. ஆப்பரேஷனுக்கு முன்னால் “இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்று உறவினரை அலையவிடும் நிலை பல நாடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த வருடம் உலகக் குருதிக் கொடையாளர் தினத்தை ஏற்று நடத்தும் பெருமை இந்த நாட்டுக்குக் கிடைத்தது. யுத்தம், சுனாமி, வறுமை என்று உலகம் நம்மைப் பற்றிப் பேசப் பல காரணம் இருந்தது. இதையும் செய்தவர்கள் நாம்தான். அதைச் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோமா?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அன்றைக்கே இரத்த வங்கியின் முன்னால் சனம் வரிசை கட்டி நின்றது. பயத்தில் உறைந்திருந்த நகரத்தில், வீட்டுக் கதவைப் பூட்டாமல் திறந்துகொண்டு வெளியே வந்த சனம் அது. அந்த வரிசையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். குருதிச் சிறுதட்டை ஏறக்குறைய ஐந்து நாள்தான் வைத்திருக்கலாம். டெங்குக்காரருக்கும் மகரகமை வைத்தியசாலையில் கிடக்கும் புற்றுநோய்ப் பிள்ளைக்கும் அது ஒவ்வொரு கிழமையும் வேண்டும். குண்டு வெடித்த நாளில் வந்த ஆயிரம் பேர் நாட்டைத் தாங்கினார்கள். குண்டு வெடிக்காத, மழை பெய்கிற, யாரும் கவனிக்காத ஒரு புதன்கிழமை வருகிற பத்துப் பேரும் அதே அளவு தாங்குகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒருதடவை கொடுக்கலாம். பதினெட்டில் தொடங்கி அறுபது வரை ஒழுங்காகக் கொடுத்தால் ஒரு சாதாரண மனிதன் 126 தடவை கொடுக்கலாம். எந்த வேலையும் செய்யாமல், எந்தப் பதவியும் வகிக்காமல், படுத்த படுக்கையில் இவ்வளவு உயிரைத் தொட முடியும்!

தொண்டின் இரகசியம் இந்தத் திரும்பப் போவதில்தான் இருக்கிறது. ஒருநாள் போவது உணர்ச்சி. அதற்கு மனம் இளகினால் போதும். மறுபடி போவதற்குத்தான் மனிதன் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழும்பில் எத்தனையோ அறநெறிப் பாடசாலைகள் நடக்கின்றன. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனில், கொட்டாஞ்சேனை விவேகானந்த சபையில், சின்னச் சின்னக் கோயில் மண்டபங்களில். 1897 சனவரி 15 இல் கொழும்பில் கரையிறங்கிய விவேகானந்தரின் பெயரோடு சேர்ந்த இடங்களில், சம்பளம் வாங்காத ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குத் திருமுறை சொல்லிக் கொடுக்கிறார்கள். கிழமை முழுக்க வங்கியிலும் கந்தோரிலும் வேலை செய்துவிட்டு, ஓய்வு நாளில் சேலை உடுத்திக்கொண்டு பஸ் ஏறி வருகிற பெண்கள் அதில் எத்தனை பேர்!

எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வு பெற்ற கணக்காளர், கொட்டாஞ்சேனைத் தோட்டம் ஒன்றில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அடுக்கடுக்காக வீடுகள், நடுவே ஓர் ஆள் போகக்கூடிய வழி, ஒரு வீட்டின் முன் விறாந்தையில் பாய். முதல் நாள் ஒன்பது பிள்ளைகள். பின்னம் விளங்கவில்லை, பெருக்கல் வாய்பாடே தடுமாற்றம். வகுப்பு முடிந்து செருப்பைப் போடும்போது ஒரு பெடியன் பின்னால் வந்து கேட்டான்.

“சேர், அடுத்த கிழமையும் வருவீங்களா?”

“ஏன்டா தம்பி அப்பிடிக் கேக்கிறாய்?”

“இல்ல சேர். போன வருசமும் ஒரு சேர் வந்தவர். போட்டோ எல்லாம் எடுத்தவர். பிறகு வரேல்ல.”

அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமையில் கலியாண வீட்டுக்குக்கூட வகுப்பு முடித்துத்தான் போவார். மனைவி போன பிறகு ஒரு வருடம் வீட்டை விட்டு அசையாமல் கிடந்த மனிதர் அவர். இன்று அவரை யாராவது “பொழுது எப்படிப் போகுது ஐயா?” என்று கேட்டால் கோபம் வரும். பொழுது போதவில்லை அவருக்கு.

இதை வெறும் உணர்ச்சிக் கதை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு தகவல். 2003 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் 423 முதிய தம்பதிகளை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்ரெபனி பிரவுன் என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் செய்தது. நண்பருக்கும் உறவினருக்கும் அயலவருக்கும் கையுதவி செய்தவர்கள், செய்யாதவர்களைவிட அந்தக் காலத்துக்குள் இறப்பது குறைவாக இருந்தது. உதவி பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. வாங்கின கைக்கு வராத ஆயுள் கொடுத்த கைக்கு வந்தது. உடல்நலம், வயது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகும் இதுதான் விடை.

கொழும்புத் தமிழர் இதை ஆய்வு வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1983 யூலை இனக்கலவரத்தில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தபோது ஆயிரமாயிரம் பேர் உடுத்த துணியோடு ஓடினார்கள். இரத்மலானை இந்துக் கல்லூரி அகதி முகாமானது. பம்பலப்பிட்டியில் கோயிலும் மண்டபமும் அகதி முகாமாயின. அந்த முகாம்களில் சோறு பொங்கியது யார்? பெயர்ப் பட்டியல் எழுதியது யார்? கைக்குழந்தைக்குப் பால் தேடியது யார்? வீடு எரிந்தவர்களேதான். முதல் நாள்வரை கந்தோரில் அதிகாரியாக இருந்தவர் மறுநாள் வாளியில் தண்ணீர் சுமந்தார். உயிரைப் பணயம் வைத்துத் தமிழரை வீட்டுக்குள் ஒளித்து வைத்த சிங்கள அயலவர்கள் வாசலில் நின்று காடையரைத் திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் போன பிறகும் கொடுக்க ஏதோ இருந்தது. உங்கள் அப்பாவிடம், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். முகாமில் அழுதுகொண்டு மூலையில் இருந்தவர்களைவிட, அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சீக்கிரம் எழுந்தார்கள் என்று சொல்வார்கள்.

இனி நான் கோபத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம் என்று ஒரு தாயை வெயிலில் நிறுத்தி, அவள் கையிலும் தங்கள் கையிலும் பொதியைப் பிடித்துப் படம் எடுத்து, அதை முகநூலில் போடுகிறார்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஐந்து கிலோ அரிசிக்கு அந்தத் தாயின் மானம் விலையா? அவளுடைய பிள்ளை நாளைக்குப் பாடசாலையில் அந்தப் படத்தை எதிர்கொள்ள வேண்டும். 2022 இல் கியூவில் நின்று, எரிவாயுவும் பால்மாவும் இல்லாமல் தவித்தபோது இந்த நகரத்தில் எத்தனையோ சமூகச் சமையலறைகள் நடந்தன. அவற்றில் மரியாதையாக நடந்தவை எவை என்று சாப்பிடப் போன சனத்துக்குத் தெரியும். “வாங்க, இருங்க, இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்று கேட்ட இடங்கள் அவை. வெசாக் தன்சலைப் பாருங்கள். காரில் வந்தவனுக்கும் கால்நடையாக வந்தவனுக்கும் ஒரே கோப்பை. ஆடிவேல் வீதி வழியே தாகசாந்திப் பந்தலில் யார் நீ என்று ஒருவரும் கேட்பதில்லை. கொடுக்கத் தெரிந்த ஊர் இது. அந்தப் பழக்கத்தைக் கமராவுக்கு விற்றுவிடாதீர்கள்.

காசு இல்லை, இரத்தம் கொடுக்க உடம்பு இடம் கொடுக்காது, கணிதமும் தெரியாது என்றால்? காது இருக்கிறதே. 1974 இல் ஜோன் டி மெல் என்ற அம்மையார் தொடக்கிய சுமித்ரயோ இன்றைக்கும் தொண்டர்களால்தான் நடக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிற மனிதருக்கு முன்னால் உட்கார்ந்து, புத்தி சொல்லாமல், குற்றம் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அங்கே வேலை. அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு ஒருவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்? முடியுமானால் அது பெரிய தகுதி.

தம்பி, தங்கச்சி, விசாவுக்குக் காத்திருக்கும் உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ஏ. ரி. ஆரியரத்ன 1958 இல் நாலந்தாக் கல்லூரியில் இளம் ஆசிரியர். சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்திருந்த கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மண்வெட்டி பிடித்தார். அந்தச் சிரமதானத்திலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்து ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் போனது. 2024 ஏப்ரலில் 92 வயதில் அவர் கண்மூடினார். முதல் நாள் மண்வெட்டியைத் தூக்கும்போது அவர் கையில் இயக்கம் எதுவும் இருக்கவில்லை. ஒரு லீவு நாளும் சில பெடியன்களும் இருந்தார்கள். உங்களிடம் விசா வரும்வரை ஆறு மாதமோ ஒரு வருடமோ இருக்கிறது. அதை வெறும் காத்திருப்பாகக் கழித்தவன் விமானத்தில் ஏறும்போதும் வெறுங்கையோடுதான் ஏறுவான். கொட்டாஞ்சேனையில் பத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஏறுகிறவன், எந்தப் பனி நாட்டில் இறங்கினாலும் தன்னை யாரென்று அறிந்த மனிதனாக இறங்குவான். அங்கே போய் முதல் வருடம் தனிமையில் நொந்துபோகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊரிலும் முதியோர் இல்லம் இருக்கிறது, உணவு வங்கி இருக்கிறது. போய்க் கதவைத் தட்டப் பழகினவனுக்கு அன்னிய ஊர் என்று ஒன்று கிடையாது.

தொடங்கும்போது பெரிதாகத் தொடங்காதீர்கள். பெயர்ப்பலகை, கடிதத்தலைப்பு, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வேண்டாம். அந்தக் கதிரைச் சண்டையில் செத்துப்போன சங்கங்கள் நமக்குள் போதும். ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலைக்குப் போய் “நான் என்ன செய்யட்டும்?” என்று கேளுங்கள். கூட்டச் சொன்னால் கூட்டுங்கள். வீட்டில் நோயில் கிடக்கும் தாயைப் பார்க்க ஆளில்லாமல் வெளியே தொண்டுக்கு ஓடாதீர்கள். முதல் தொண்டு அங்கேதான். நாலு தடவை போன பிறகு அலுப்பு வரும். ஒருவரும் நன்றி சொல்லாத நாள் வரும், நன்மை செய்த ஆளே உங்களைப் பற்றிக் கதை கட்டுகிற நாளும் வரும். அன்றைக்குத்தான் நீங்கள் யாருக்காக வந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியவரும். அன்றைக்கும் போங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கள். ஒரே ஒரு வேலை. நாட்காட்டியில் குறியுங்கள், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அடுத்த ஞாயிறையும் இப்போதே குறித்துவிடுங்கள். கதிரையை விட்டு எழும்புங்கள். தெருவுக்கு இறங்கி முதல் பஸ்ஸில் ஏறுங்கள்!